மூன்று வியாழக்கிழமைகள்

செப்டம்பர் 11

அன்புள்ள பாஸ்டர் ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். மகன் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்றுதான் உட்கார்ந்து எழுத ஒரு மேசை கிடைத்தது. பேத்தியின் மேசை. அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை எனக்கு, வந்துவிட்டால் அவளுக்கு. ஐந்தாவது மாடியில் வீடு. லிஃப்ட் உண்டு, ஆனால் அதற்கு மனசு வந்தால்தான் ஓடும். நேற்று நான்கு மாடி ஏற்றிவிட்டு நின்றுகொண்டது. மிச்சம் ஒரு மாடியை ஏறிய முழங்காலுக்கு இன்னும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

மகனும் மருமகளும் குறை வைக்கவில்லை. காலை ஏழரைக்கு இருவரும் வேலைக்குக் கிளம்பினால் மாலைவரை வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். அதுவாவது அவ்வப்போது உறுமுகிறது. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் நம் சபையின் சந்திப்பு ஊழியத்தில், நோயாளி வீடு, துக்க வீடு, மூன்று வாரம் கோயிலுக்கு வராதவர் வீடு என்று படி ஏறி இறங்கினேன். எனக்கு இந்த அமைதி பழக நாளாகும்.

குறை சொல்ல எழுதவில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். கோச்சிங் படித்திருக்கிறேன், பேசலாமா என்று நீங்கள் கேட்டபோது, இந்த வயதில் எனக்கு எதற்கு டியூஷன் என்று கேலி செய்தேன். மூன்று வியாழக்கிழமை உங்கள் அறையில் உட்கார்ந்தேன். "ஊழியத்தை விடுங்கள்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்திமதியும் இல்லை, வசனமும் இல்லை. கேள்விதான். "இன்னும் அஞ்சு வருஷத்துல உங்க நாள் எப்படி இருக்கணும்னு ஆசைப்படுறீங்கம்மா?" என்று கேட்டீர்கள். எழுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருவர் என் ஆசையைக் கேட்டார். அழுதுவிட்டேன். என் வாழ்க்கையில் படிப்பு அப்பா முடிவு, கல்யாணம் மாமா முடிவு, வேலையை விட்டது டிபார்ட்மெண்ட் முடிவு. பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மகனிடம் வருவதுதான் நானே எடுத்த முடிவு. அதை மருமகளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டேன்.

வீட்டை இரண்டு வருஷத்துக்கு வாடகைக்கு விட்டாயிற்று. சாவியைக் கொடுத்தபோது கை கொஞ்சம் தயங்கியது.

ஒரு உதவி. நான் பேசியதை நீங்கள் ஒரு தாளில் எழுதி, கடைசி நாள் வாசித்துக் காட்டினீர்களே, அதை அனுப்ப முடியுமா? பைபிளுக்குள் வைத்துக்கொள்கிறேன். பாஸ்டரம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் டெலிபோன் அம்மா


செப்டம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் மனைவி இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள். ஃபிரிட்ஜ் உறுமுவதை வாசித்துவிட்டு, "அம்மா இல்லாம சபையே ஊமையா இருக்கு" என்றாள்.

சபை நடக்கிறது. நான்தான் நடக்க முடியாமல் நடக்கிறேன். போன வாரம் இரண்டு அடக்கம், ஒரு திருமண ஆயத்தம், கூரை ஒழுகல் பற்றி மூன்று கூட்டம். போன் ஓய்வதே இல்லை. பதினேழு வருஷமாக எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "நான் என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க." சொன்னபடி செய்து சரியாகப் போனால் கடவுள் செய்தார். தப்பாகப் போனால் பாஸ்டர் சொன்னார்.

அதனால்தான் அம்மா, அந்தக் கோச்சிங் பயிற்சி எனக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குள் தேவன் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறார், நீ குறுக்கே பேசாதே, கேட்டுக்கொண்டிரு என்பதுதான் அதன் சாரம். நம்ம மரக்கடைக்காரரும் அவர் தம்பியும் ஒன்பது வருஷமாகப் பேசவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் நான் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வேன், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். இந்த முறை எதுவும் சொல்லவில்லை. "தம்பி உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா முதல்ல என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்டேன். "உட்காரச் சொல்லுவேன்" என்றார். அடுத்த ஞாயிறு அவரே தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். இப்படி நடக்கும்போது களைப்பு கொஞ்சம் மறக்கிறது.

சந்திப்பு ஊழியத்தை இப்போது ஐந்து பேர் போனில் ஒரு குரூப் வைத்து நடத்துகிறார்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உடனே பூப்படத்தோடு ஜெப வாக்கியம் போய்விடுகிறது. வீட்டுக்குப் போவது கொஞ்சம் குறைவுதான்.

அந்தத் தாளைத் தேடிப் பார்க்கிறேன். முழங்காலைக் கவனியுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
தங்கள் போதகர்


அக்டோபர் 1

அன்புள்ள பாஸ்டர் ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். தேடிப் பார்க்கிறேன் என்றீர்கள். உங்கள் மேசையைப் பார்த்தவள் என்ற முறையில் அனுதாபப்படுகிறேன். ஆனாலும் தாள் வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறேன். இங்கே பகல் நீளமாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எதிர்க் கட்டிடத்தில் துணி உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது மாடியில் ஒரு பெண் நான்கு நாளாகத் துணி எடுக்கவில்லை. உடம்புக்கு என்னமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. முன்பு என்றால் போய்க் கதவைத் தட்டியிருப்பேன். மருமகளிடம் சொன்னால், "அத்தை, இங்கெல்லாம் அப்படிப் போகக் கூடாது" என்கிறாள். தப்பாகச் சொல்லவில்லை, பாவம்.

அப்போதுதான் யோசனை வருகிறது. எனக்கு உடம்பில் தெம்பு இருந்தது. வேலை பிடித்திருந்தது. பின்னே ஏன் விட்டேன்? உங்கள் அறையில் காரணம் கண்ணாடி போலத் தெரிந்தது. இங்கே உட்கார்ந்தால் பிடிபடவில்லை. நான் சொன்னதை நானே வாசித்தால் தெளிவு வரும். கேட்க ஆளில்லை என்பதால் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

நம் சபைச் செயலாளரின் அண்ணன் வீட்டுப் பெரியவர் எப்படி இருக்கிறார்? பின்கட்டு அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தவரைத்தான் கேட்கிறேன். நான் கடைசியாகப் போனபோது முதுகெல்லாம் புண். கூடத்தில் விருந்தாளிகள் இருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "அவரைப் புரட்டிப் படுக்க வைக்கக்கூட இந்த வீட்டுல ஒருத்தருக்கும் நேரமில்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். குரலைத் தாழ்த்தியிருக்கலாம். கேட்டதற்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
டெலிபோன் அம்மா


அக்டோபர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். வாசலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அந்தப் பெரியவர் செப்டம்பர் கடைசியில் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு நல்ல கூட்டம். உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். நீங்கள் அந்த போன் குரூப்பில் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

தாள் கிடைத்துவிட்டது. அலுவலகத் தம்பி கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார், அப்படியே மடித்து உறையில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து புரியாவிட்டால் பேத்தியிடம் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கிறுக்கல் சீக்கிரம் புரியும்.

உங்கள் மனதுக்குச் சமாதானம் கிடைக்க ஜெபிக்கிறேன்.

தங்கள் போதகர்


அக்டோபர் 17

பாஸ்டர் ஐயாவுக்கு,

தாள் வந்தது. முன்பக்கத்தை வாசித்தேன். "நான் ஓய்வெடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்." "மகனோடு இருக்க ஆசை." "பொறுப்பை நல்லபடியாக ஒப்படைத்துவிட்டுப் போவது எனக்கும் மரியாதை." எல்லாம் நான் சொன்னதுதான்.

பிறகு திருப்பிப் பார்த்தேன்.

அலுவலகத்தில் ஒரு பக்கம் அச்சான தாளைத் தூக்கிப் போடக் கூடாது, பின்பக்கத்தில் எழுத வேண்டும் என்று கமிட்டியில் சண்டை போட்டு விதி கொண்டுவந்தவளே நான். எட்டு வருஷம் ஆகிறது. விதியை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

ஜூலை 27, கமிட்டிக் கூட்ட வரைவு. ஏழாவது தீர்மானம். நீங்கள் மறந்திருந்தால் எழுதுகிறேன்: "சந்திப்பு ஊழியப் பொறுப்பிலிருந்து தற்போதைய பொறுப்பாளரை விடுவிப்பது என்றும், மனவருத்தம் ஏற்படாதபடி போதகர் அவர்களே பக்குவமாகப் பேசி, அவர் தாமாக விலக முன்வரும்படி செய்வது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

நம்முடைய முதல் வியாழக்கிழமை ஜூலை 31.

ஐயா, நான் பொல்லாத வாய்க்காரி. மூஞ்சிக்கு நேராக, "அம்மா, உங்க வாயால பிரச்சனை வருது, நிறுத்திக்கோங்க" என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். ஐந்தாம் நாள், போக வேண்டிய வீடுகளை எழுதிவைத்த என் சந்திப்பு நோட்டைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் போட்டிருப்பேன். அவ்வளவுதானே? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி என்னிடம் ஏன் நடந்துகொண்டீர்கள்?

எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. லைனில் நாம் இருந்தால், இருக்கிறோம் என்று பேசுகிற இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் கேட்டவளுக்கு வேலை போகும். நாம் இருவர் மட்டும் பேசுகிறோம் என்று நினைத்து என் புருஷனிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். அந்த லைனில் ஒரு கமிட்டியே உட்கார்ந்திருக்கிறது.

என் ஆசையைக் கேட்ட முதல் ஆள் நீங்கள் என்று எழுதினேனே. அதை எழுதிய கைக்கு வெட்கமாக இருக்கிறது.

டெலிபோன் அம்மா


அக்டோபர் 25

அம்மா,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். பூசி மெழுகுகிற வாக்கியம் எப்படியாவது வந்துவிடுகிறது. பதினேழு வருஷப் பழக்கம்.

நடந்ததைச் சொல்கிறேன். பெரியவர் வீட்டில் நீங்கள் பேசியது பெரிதாகிவிட்டது. டெலிபோன் அம்மா இந்தப் பொறுப்பில் இருந்தால் எங்கள் குடும்பம் இந்தச் சபையில் இராது என்று செயலாளர் கூட்டத்தில் சொன்னார். நீங்கள் சொன்னது உண்மை என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களிடம் யார் பேசுவது என்று வந்தபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். செயலாளர்தான், "ஐயாதான் கோச்சிங் படிச்சிருக்காரே. கேள்வி கேட்டே வழிக்குக் கொண்டுவந்துடுவாரு. யாருக்கும் சங்கடம் இல்ல" என்றார். அன்று காலையில் இரண்டு ஆராதனை, மதியம் ஒரு அடக்கம் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். உன் மனதில் ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தால் அந்தப் பேச்சுக்குள் போகாதே, போய்த்தான் ஆக வேண்டுமென்றால் அந்த முடிவை முதலில் மேசைமேல் வை என்று. நான் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். மரக்கடைக்காரரிடம் கேட்டபோது அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் கேட்டபோது நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நோட்டைப் பற்றி ஆசையாகப் பேசினால் நான் எழுதவில்லை. மகனைப் பற்றிப் பேசினால் எழுதினேன். முன்பக்கத்தை மறுபடி பாருங்கள், சந்திப்பு ஊழியத்தில் உங்களுக்குப் பிடித்தது எது என்று நீங்கள் அரைமணி நேரம் சொன்னதில் ஒரு வரிகூட இராது.

நீங்கள் அழுதீர்கள். அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். பேச்சு சரியான வழியில் போகிறது என்று நான் உள்ளுக்குள் நினைத்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

தீர்மானத்தை ரத்து செய்யச் சொல்லி அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன். திரும்பி வாருங்கள் அம்மா. வீடு காலியாகும்வரை எங்கள் வீட்டு முன்னறை இருக்கிறது. என் மனைவி இப்போதே ஜன்னலுக்குத் திரை தைக்கிறாள்.

தங்கள் போதகர்


நவம்பர் 3

பாஸ்டர் ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். கடிதத்தில் உண்மை இருந்தது. அது வாசிக்கும்போதே தெரிந்தது.

பாஸ்டரம்மாவிடம் திரை தைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல மனசு, ஆனால் நான் வரவில்லை. தீர்மானத்தை ரத்து செய்து என்னை வரவழைத்தால், நான் படி ஏறுகிற ஒவ்வொரு வீட்டிலும், இந்த அம்மாவை எப்படி அனுப்பினார்கள், எப்படிக் கூட்டிவந்தார்கள் என்று பார்ப்பார்கள். எனக்கும் முன்போல வாய் வராது. வாய் வராத நான் அந்த வேலைக்கு உதவ மாட்டேன்.

மூன்று வாரமாக இங்கே பக்கத்துத் தெருச் சபைக்குப் போகிறேன். சின்ன இடம், நாற்காலிகளைக் கூட்டம் முடிந்ததும் நாமே மடித்து வைக்க வேண்டும். அங்கே சேரலாம் என்றிருக்கிறேன். இந்த முடிவுக்கு என்னிடம் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஃபிரிட்ஜ்கூட வாயைத் திறக்கவில்லை.

சபை மாற்றச் சான்றுக்கான படிவத்தை இந்த உறையில் வைத்திருக்கிறேன். என் விவரங்களை எழுதிவிட்டேன். "மாற்றத்துக்கான காரணம்" என்று ஒன்றரை வரி இடம் விட்டிருக்கிறார்கள். எல்லோரும் "வசிப்பிட மாற்றம்" என்று போடுவார்கள். நான் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீங்கள் நிரப்புங்கள்.

இன்னும் ஒன்று. உங்களிடம் இத்தனை கேள்விக்குப் பதில் சொன்னவள் நான், ஒன்றே ஒன்று திருப்பிக் கேட்கிறேன். மூன்றாவது வியாழக்கிழமை, "இல்லை ஐயா, நான் விலக மாட்டேன், எனக்கு இந்த வேலைதான் ஆசை" என்று நான் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? யோசித்து எழுதுங்கள். அவசரமில்லை.

டெலிபோன் அம்மா


நவம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். மூன்று நாள் அதையே சுமந்துகொண்டு திரிந்தேன். உங்கள் பக்கம் நின்று கமிட்டியிடம் பேசியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருந்தது. அது பொய். நான்காவது வியாழக்கிழமைக்கு வரச் சொல்லியிருப்பேன். அப்போதும் நீங்கள் சம்மதிக்கவில்லை என்றால் ஐந்தாவது.

சான்றைப் பூர்த்தி செய்துவிட்டேன். அது மூடிய உறையில் நேராக அந்தச் சபைப் போதகருக்குத்தான் போக வேண்டும் என்பது விதி, அதனால் நீங்கள் பார்க்க மாட்டீர்கள். காரணம் என்ற இடத்தில் எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன். ஒன்றரை வரி போதவில்லை, ஓரத்திலும் எழுத வேண்டியதாயிற்று.

"இவர் எங்கள் சபையில் இருபத்திரண்டு ஆண்டுகள் நோயாளிகளையும் துக்கப்பட்டவர்களையும் வீடு தேடிப் போய்ப் பார்த்தார். ஒரு வீட்டில் உண்மை சொன்னதற்காக நாங்கள் இவரை விலக்கினோம். தாமாகவே விலகுவதாக இவரையே நம்ப வைத்தவன், கீழே கையெழுத்திடும் நான். இவர் மீது குற்றம் ஒன்றும் இல்லை. இவரிடம் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நேராகச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வார்."

படிவத்தில் செயலாளர் கையெழுத்துக்கும் இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை வாசித்துவிட்டு அவர்முன் நீட்டினேன். "ஐயா, இதைப் போய் எழுத்துல குடுப்பாங்களா?" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார். அவர் குடும்பமும் சபையை விட்டுப் போகும் என்கிறார்கள். என்னை வேறு சபைக்கு மாற்றும் பேச்சும் அடிபடுகிறது. இதை உங்களிடம் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. எப்படியும் காதுக்கு வரும், என் வாயால் வரட்டும் என்றுதான். போதகர் கையெழுத்து மட்டும் இருந்தாலே சான்று செல்லும். இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.

உங்கள் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் நானே போகிறேன். முதல் வீட்டில் கதவைத் திறந்தவர், "அம்மா வரலையா?" என்றார். இல்லை, நாங்கள்தான் அனுப்பிவிட்டோம் என்று சொன்னேன். சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நீங்கள் திரும்பி வர மாட்டீர்கள் என்று தெரிகிறது. எனக்கு அது மிகவும் வலிக்கிறது அம்மா. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. உங்களிடம் கேட்க இனி என்னிடம் ஒரு கேள்வியும் கிடையாது.

இனி உங்கள் போதகர் என்று எழுத முடியாதவன்